பாதுகாப்புக் குழுவில் ஓர் இடம்



2008 மாலேகான் குண்டுவெடிப்பில் ஆறு பேர் இறந்தார்கள். அவ்வழக்கில் குற்றம்சாட்டப்பட்டுப் பிணையில் இருந்த பிரக்யா சிங் தாக்கூரை, பாலாகோட் தாக்குதல் நடந்த இரண்டு மாதத்துக்குள், 2019இல் போபாலில் பாஜக நிறுத்தியது. கோட்சேயைத் தேசபக்தர் என்றார் அவர். மனதார மன்னிக்க மாட்டேன் என்றார் மோடி. அதே ஆண்டு பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற ஆலோசனைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது! மக்களவையில் ஆ. ராசா கோட்சேயைப் பற்றிப் பேசும்போது குறுக்கிட்ட பிறகுதான் நீக்கினார்கள். 2025இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நான் கேட்பது கட்சியின் தேர்வை.

ராணுவச் செலவு நமக்கென்ன என்று இருக்க முடியாது. 1951இல் பதவி விலகியபோது அம்பேத்கர் கணக்கே சொன்னார்: வருவாய் 350 கோடியில் ராணுவத்துக்கு 180 கோடி, காரணம் வெளியுறவுக் கொள்கை. நம் விடுதிச் சோறும் உதவித்தொகையும் மிச்சத்தில்தான். கீழ்பென்னாத்தூரில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: அந்தக் குழுவில் உங்கள் கட்சி இனி யாரை உட்கார வைக்கும்?