எல்லையற்ற களவும் எல்லையுள்ள சட்டமும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மலையும் காடும் மதிலும் அகழியும் நாட்டுக்கு அரண் என்றனர் நம் முன்னோர். மதிலேறி வரும் பகைவனைக் கண்ணால் காணலாம், எதிர்நின்று தடுக்கலாம். கம்பி வழியே வரும் பகைவனை என் செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடிப் பால்டிக்குக் கடற்கரையிலுள்ள எசுத்தோனியா நாட்டுக்குச் செல்வோம்.

ஏறத்தாழ 13 இலக்கம் மக்களே வாழும் சிறு நாடு அது. 1991-இல் சோவியத்துப் பிடியினின்று விடுதலையை மீட்டபின், அரசுப் பணிகளையும் வைப்பகக் கணக்குகளையும் இணையத்தில் ஏற்றியது. 2007 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுமைக்கும் இணைய வாக்களிப்பை உலகிலேயே முதன்முறையாக நடத்திக் காட்டியது.

அடுத்த திங்களே இடி விழுந்தது. தலைநகர் தாலினின் நடுவே நின்ற சோவியத்துப் படைஞர் வெண்கலச் சிலையைப் படைத்துறை இடுகாட்டுக்கு மாற்ற அரசு முனைந்தது. உருசிய மொழி பேசுவோர் கொதித்தெழுந்தனர், தெருவில் கலகம் மூண்டது, ஓருயிர் போயிற்று. ஏப்பிரல் 27 முதல் ஏறத்தாழ மூன்று கிழமைகள் நாடாளுமன்றம், அமைச்சகங்கள், செய்தித்தாள்கள், வைப்பகங்கள் ஆகியவற்றின் இணையத் தளங்கள் தாக்குண்டன.

எப்படித் தாக்கினர்? ஒரு கடையின் குறுகிய வாயிலில் பல்லாயிரம் பொய்யாட்கள் வந்து நெருக்கினால், பொருள் வாங்க வந்தவர் உள்ளே நுழைய முடியுமா? அதுதான் நடந்தது. அப்பொய்யாட்கள் பல நாடுகளில் இருந்த கணிப்பொறிகள். அவற்றுட் பல, உடையவரே அறியாமல் பிறர் ஏவலுக்கு ஆட்பட்டவை!

இங்குதான் நட்பின் அருமை விளங்கியது. பின்லாந்து, செருமனி முதலிய நாடுகளின் வல்லுநர் கைகொடுத்தனர். ஆனால், குற்றவாளியைத் தேடியபோது கதவு அடைபட்டது. சட்ட உதவி உடன்படிக்கையின்படி எசுத்தோனியா உருசியாவிடம் உதவி கேட்டது, உருசியா மறுத்தது. தாக்குதலில் தனக்குத் தொடர்பில்லை என்றும் அவ்வரசு கூறியது. அரசே ஏவியது என்பதற்கு முடிவான சான்றும் வெளிப்படவில்லை. இறுதியில், எசுத்தோனியாவிலேயே வாழ்ந்த மாணவர் ஒருவருக்கு மட்டும் 2008-இல் தண்டம் விதிக்கப்பட்டது. களவு எல்லை கடந்தது. சட்டம் எல்லையில் நின்றது!

2001-இல் புடாபெசுட்டில் உருவான உடன்படிக்கை, இக்குற்றங்களை நாடுகள் ஒரே வகையாக வரையறுக்கவும், சான்றுகள் அழியுமுன் காக்கவும், இரவு பகல் பாராது உதவவும் வழிசெய்தது. எசுத்தோனியா அதில் இருந்தது, உருசியா சேரவில்லை. ஒப்பமிடாதவரை ஓலை கட்டுப்படுத்துமா?

2024 திசம்பர் 24-இல் ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை புதிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. 2025 அக்தோபரில் ஆனோய் நகரில் அது கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. வரவேற்போம், விழிப்போடும் இருப்போம். மாந்த உரிமை அமைப்புகள் அதன்மேல் ஐயம் எழுப்பியுள்ளன. கள்வனைக் கட்டத் தந்த கயிறு, ஆட்சியைக் குறைகூறுவோர் கழுத்துக்குச் சுருக்காகலாகாது.

எசுத்தோனியா அழுதுகொண்டிருக்கவில்லை. 2008-இல் இணையக் காப்புக்கான நேட்டோ நடுவம் தாலினில் அமைந்தது. அரசு ஆவணங்களின் படிகளை அயல்மண்ணில் காக்க, 2017-இல் இலக்சம்பர்க்கோடு உடன்பாடு செய்தது. தன் வீட்டுக்குத் தாழிடுவதும் அண்டை வீட்டாரோடு கூடிக் காவல் காப்பதும் ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்றிருந்து ஒன்றில்லையேல் அரண் பாதியே.