கொங்கு நாட்டுப் பொருளாதாரமும் உழவரும்

(உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



மழை குறைந்த கொங்கு நாட்டில் தொழில் வளர்ந்தது வயலிலிருந்துதான். கரிசல் காட்டில் பருத்தி விளைந்தது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகளும் கிணற்றுப் பம்புசெட்டுகளும் பெருகின. இன்று ஆலைகள் உள்ளன. நம் பருத்தியோ அருகிவிட்டது. பஞ்சு பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. தொழில் ஓங்கினால் உழவரின் வருமானமும் தானாக ஓங்கிவிடாது என்பதே இதில் நாம் அறியும் பாடம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளமே முதன்மைப் பயிர். அதில் பெரும்பங்கு உள்ளூரிலேயே பன்றி, கோழித் தீவனமாகவும் எத்தனாலாகவும் மாறுகிறது. அங்கும் 1980களில் விலை சரிந்து வட்டி உயர்ந்தபோது, கடன் வாங்கி நிலம் சேர்த்த பலர் நிலத்தை இழந்தனர்.

இத்தகைய இடருக்கு நம் முன்னோர் வழி கண்டிருந்தனர். காங்கயம் பகுதிக் கொறங்காட்டில் கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் மூன்றும் இருக்கும். மானாவாரிப் பயிர் பொய்த்தாலும் ஆடுமாடு குடும்பத்தைத் தாங்கும்.

ஆகவே,

1. நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு விடாதீர்கள்; ஒரு பகுதியில் தீவனம் வளர்த்துக் கறவை மாடு வையுங்கள்.

2. மஞ்சளை வேகவைத்து, நன்கு உலர்த்தி, மெருகேற்றி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை கேட்டு விற்றிடுங்கள்.

3. கடன் வாங்குமுன், விளைபொருள் விலை பாதியானாலும் தவணை கட்ட இயலுமா என்று கணக்கிடுங்கள்.

விளைவிப்பதில் காட்டும் கவனத்தை விற்பதிலும் காட்டினால் உழைப்பின் பயன் நம்மிடமே தங்கும்.