ஊருக்கு யோசனை சொல்லுவது யார்?

(ஒரு கிராம வாலிபர் சங்க ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்படி இச்சங்கத்தார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் இஞ்சினீயரும் அல்ல; பட்டம் பெற்றவரும் அல்ல. பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். ஊர் ஊராய்ச் சுற்றிக் கண்டதும் கேட்டதுமே அதிகம். ஆதலால் ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றோம். ஓர் ஊருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசனை சொல்லத் தகுந்தவர் யார் என்பதே அது.

இன்று யோசனை சொல்லுவதே ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருகின்றார். இரண்டு நாள் காரில் சுற்றுகின்றார். ஊராருக்குத் தெரியாத பாஷையில் ஓர் அறிக்கை எழுதிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார். பலித்தால் அவர் புத்தி. பலிக்காவிட்டால் நம் தலைவிதி! புரியாத மந்திரம், தவறாத தட்சணை, பலனுக்குப் பொறுப்பில்லை என்றால், இதற்கும் புரோகிதத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். இந்தோனேசியாவில் பாலி என்று ஒரு தீவு இருக்கின்றது. அங்கே நெல் விவசாயிகள் 'சுபாக்' என்னும் சங்கம் கூட்டி, வாய்க்கால் தண்ணீரைத் தாங்களே பங்கிட்டுக்கொள்ளுவார்கள். எப்போது நடுவது, எப்போது நிலத்தைச் சும்மா போடுவது என்பதெல்லாம் தண்ணீர்க் கோவில்களின் கணக்குப்படி நடந்துவந்தது. 1970-க்குப் பிறகு நிபுணர்கள் வந்தார்கள். புது விதை, உரம், பூச்சிமருந்து கொடுத்து, "கோவில் கணக்கு எதற்கு? முடிந்த மட்டும் ஓயாமல் நடுங்கள்" என்றார்கள். அவனவன் தனக்குத் தோன்றியபோது நட்டான். என்ன ஆயிற்று? புகையான் பூச்சி கூட்டங்கூட்டமாய் வந்து பயிரை அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகிற்று.

ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே பல காலம் தங்கி உழவர்களைக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டும் பார்த்தார். 1991-ல் புத்தகமாகவும் எழுதினார். அவர் கண்ட சங்கதி இதுதான். பக்கத்துப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அறுவடையாகிச் சும்மா கிடந்தால், பூச்சிக்குத் தின்ன இரையில்லாமல் செத்துப்போகும். தலைமடைக்காரன் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் விட்டதும் தர்மத்திற்காக அல்ல. அவன் வேறு சமயத்தில் நட்டால் அந்தப் பூச்சி தன் வயலுக்கும் வரும் என்பதால்தான்!

"பார்த்தீர்களா? கடைசியில் கோவில்தானே காப்பாற்றிற்று!" என்று சிலர் இங்கே சிரிப்பது தெரிகின்றது. தாராளமாய்ச் சிரிக்கட்டும். புகையான் வந்தபோதும் அந்தத் தேவதை அங்கேயேதான் இருந்தாள். பூச்சியைத் தடுத்தாளா? சேர்ந்து நடுவது நின்றது, பூச்சி வந்தது. மறுபடி சேர்ந்து நட்டார்கள், பூச்சி குறைந்தது. ஆகவே காப்பாற்றியது உழவனுடைய அநுபவ அறிவேயாகும். ஆனால் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'கோவில்' என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளே இருப்பதை ஆராயாமல் தள்ளியிருந்தால், நாமும் அந்த நிபுணர்களைப் போலவே ஏமாந்திருப்போம். ஆராயாமல் ஏற்பதும் மூடநம்பிக்கை. ஆராயாமல் தள்ளுவதும் மூடநம்பிக்கையே!

நிற்க. அப்படியானால் உள்ளூர்க்காரர் சொல்லுவதெல்லாம் சரியென்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது. 'ஊர்' என்றால் யார் என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு என்றல்லவா வைத்திருக்கின்றார்கள்! 1996-ல் மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களின் பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆதிக்க ஜாதியார் சுமார் பத்து வருஷம், 2006 வரை, அந்தத் தேர்தல் ஒழுங்காய் நடக்க விடவில்லை. அதே ஜில்லாவில் மேலவளவு தலைவர் முருகேசன், அந்தப் பதவியில் உட்கார்ந்த குற்றத்திற்காகவே, 1997-ல் தம்முடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இதைச் செய்தவர்களும் உள்ளூர்க்காரர்கள்தானே? நாலு பெரிய வீட்டுக்காரர் திண்ணையில் பேசி முடிப்பதை 'ஊர் யோசனை' என்றால், வெளியூர்ப் புரோகிதருக்குப் பதிலாக உள்ளூர்ப் புரோகிதர் வந்தார் என்பது தவிர வேறென்ன?

பின் என்னதான் வழி? பக்கத்து மலையாள நாட்டைப் பாருங்கள். 1996-ல் கேரள சர்க்கார் தன் திட்டப் பணத்தில் 100-க்கு 35 முதல் 40 வரை உள்ளூர் ஸ்தாபனங்களின் கையில் விடுவதென்று துணிந்தது. ஜனங்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் நிலைமையைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுதிற்று. ஓய்வு பெற்ற இஞ்சினீயர்களும் மற்ற உத்தியோகஸ்தர்களும் தங்கள் பகுதித் திட்டங்களைச் சரிபார்க்கத் தொண்டர்களாய் முன்வந்தார்கள். பெண்களுக்கென்று 100-க்கு 10 ஒதுக்கும்படியும் செய்தார்கள். அங்கேயும் குறை இல்லாமலில்லை; ஆதிவாசிகளின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை. ஆனாலும் நிபுணன் எஜமானனாக வராமல் ஊருக்கு உதவிக்காரனாக வந்தான் என்பதே அதில் நாம் மெச்சத்தக்கது. விஞ்ஞானமும் வேண்டும், நிபுணரும் வேண்டும். ஆனால் அவர் சொல்லுவதை ஊரார் கேள்வி கேட்க வேண்டும். அந்த ஊராரில் எல்லோரும் இருக்க வேண்டும்.

தோழர்களே! கிராம சபை என்பது நமக்குச் சட்டம் கொடுத்த உரிமை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் அது கூட வேண்டும். இவ்வூரில் அன்றைக்கு எத்தனை பேர் போகின்றீர்கள்? முன்கூட்டியே எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்கா சபை? சேரித் தோழன் கீழே நிற்க, தாய்மார்கள் வாசலில் நிற்க, எழுதப்படும் தீர்மானம் ஊர்த் தீர்மானம் ஆகாது. அடுத்த கூட்டத்திற்கு எல்லோரும் போங்கள், சரிசமமாய் உட்காருங்கள், கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள், "ஏன்?" என்று கேளுங்கள். நாம் சொன்ன இந்த யோசனையும் வெளியூர் யோசனைதான். ஆகையால் இதையும் உங்கள் அறிவில் போட்டு அலசிப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகின்றோம்.