கம்ப்யூட்டரில் காசு தோண்டலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வேண்டியது மழைக்காலச் சுகாதாரம் பற்றி. அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வோம். நம் கூட்டமைப்புக்கு ஒரு கடன் மனு வந்திருக்கிறது. தொகை 72,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் "மகன் கம்ப்யூட்டரில் காயின் மைனிங் செய்ய" என்று எழுதியிருக்கிறது. மாடு, தையல் மெஷின், டீக்கடை என்றால் நாம் கேட்டுப் பழகிய கேள்விகள் இருக்கின்றன. இதற்கு என்ன கேட்பது என்று தெரியாமல் மூன்று பிரதிநிதிகள் எனக்குப் போன் செய்தார்கள். சம்பந்தப்பட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

முதலில் மைனிங் என்றால் என்ன? தோண்டுவது என்று பெயர்தானே தவிர, தோண்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அது கணக்கு எழுதுகிற வேலை. நம் குழுவில் யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குக் கடன் போனது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். அந்த நோட்டு ஊக்குநர் கையில் இருக்கும். பிட்காயின் என்கிற காசுக்கும் இப்படி ஒரு கணக்கு நோட்டு உண்டு. ஆனால் அது ஒருத்தர் கையில் இல்லை, உலகம் முழுக்கப் பல ஆயிரம் கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி நகல் இருக்கிறது. அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? அதற்குத்தான் போட்டி. எழுத வேண்டிய கணக்கோடு ஏதோ ஒரு எண்ணைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் வருகிற விடை, சொல்லி வைத்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டருக்குப் பக்கம் எழுதுகிற உரிமையும், பரிசாகப் புதுக் காசும் கிடைக்கும்.

இது 2009 ஜனவரியில் ஆரம்பித்தது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் தொடங்கினார், அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்போது ஒரு பக்கத்துக்கு 50 காயின் பரிசு. போட்டிக்கு ஆளே இல்லாததால் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். 2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருத்தர் 10,000 காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இன்றைக்கு அந்தக் காயின்களின் விலையைச் சொன்னால் நமக்கு மயக்கம் வரும். நம் பிள்ளைகள் செல்போனில் பார்த்து ஆசைப்படுவது இந்தக் கதையைத்தான். கதை பொய் இல்லை. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஏன் முடிந்தது என்பதைக் கிணற்றை வைத்துச் சொல்கிறேன். ஒரு ஊற்று. மணிக்கு இத்தனை குடம்தான் சுரக்கும். ஒரே ஒரு வீட்டுக்காரர் இறைக்கும்போது எல்லாத் தண்ணியும் அவருக்கு. பத்துப் பேர் மோட்டார் வைத்தால் ஊற்று கூடுமா? கூடாது. பெரிய எச்.பி. மோட்டார் வைத்தவர் கொண்டு போவார். பிட்காயினும் அப்படித்தான். ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்பது மாறாது. ஆட்கள் கூடினால், 2016 பக்கங்களுக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கணக்கு தானாகவே கடினமாகிவிடும். அதோடு பரிசும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 50 என்பது 25, அப்புறம் 12.5, அப்புறம் 6.25. 2024 ஏப்ரலில் இருந்து 3.125.

மோட்டார் எவ்வளவு பெரிதாகிவிட்டது தெரியுமா? நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குச் சில கோடி எண்களைப் போட்டுப் பார்க்கும். இந்த வேலைக்கென்றே செய்த மெஷின் ஒரு விநாடிக்கு 200 லட்சம் கோடி எண்களைப் பார்க்கும். அது ஒன்றே 3,500 வாட் இழுக்கும். அப்படிப்பட்ட மெஷின்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கரண்டு மலிவாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்து. 2021ல் சீனா தடை செய்கிற வரைக்கும் அங்கே மழைக்காலத்து அணைக்கட்டு மின்சாரத்தில் ஓடியது. பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் நிறையப் போனது. நமக்குப் பக்கத்தில் பூட்டான் நாட்டில் அரசாங்க நிறுவனமே ஆற்று மின்சாரத்தில் செய்கிறது. நம் தம்பி மோத வேண்டியது இவங்களோடுதான்.

தம்பி விவரமான பையன். "மேடம், நான் பிட்காயின் தோண்டல, சின்னக் காயின்தான்" என்றான். அதுவும் உண்மைதான். மொனேரோ மாதிரிச் சில காயின்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் இன்னும் தோண்டலாம். தனியாகச் செய்தால் பரிசு எப்போது விழும் என்றே தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகச் சேர்ந்து, வருவதை வேலைக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்கிறார்கள். பூல் என்று பெயர், நம் குழு மாதிரி. தம்பி நண்பனிடம் ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி 20 நாள் ராப்பகலாக ஓட்டியிருக்கிறான். கணக்கில் 130 ரூபாய் மதிப்புக்குக் காசு சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். சும்மா இருக்கிற பெட்டி சம்பாதிக்கிறதே!

நான் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாங்க, குடித்துவிட்டு, "அக்கா, மீட்டர் எங்கே?" என்று கேட்டேன். ஃபேன், டி.வி., பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருப்பீங்க. அந்த மீட்டரில் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அதிலேயே எழுதியிருந்தது. தம்பி வாட்ச் பார்த்தான், அக்கா எண்ணினாங்க. நிமிஷத்துக்கு 11 தடவை. மணிக்கு 660. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 யூனிட். 20 நாளைக்கு 100 யூனிட். நம் ஊரில் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது, கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். சராசரி 6 ரூபாய் என்று வைத்தால்கூட 600 ரூபாய். வந்தது 130. அக்கா ஒன்றும் பேசலை. எழுந்து போய் ஃபேனைப் போட்டாங்க.

(நீங்களும் வீட்டில் இப்படி எண்ணிப் பாருங்க. பழைய பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்க. உங்கள் மீட்டரில் வேறு எண் எழுதியிருக்கலாம், அதை வைத்துக் கணக்குப் போடணும்.)

"பெரிய கம்ப்யூட்டர் வாங்கினா நிறைய வரும்" என்றான் தம்பி. சரி, மூன்று மடங்கு வருகிறது என்றே வைப்போம். மாதம் 585 ரூபாய். 400 வாட் இழுத்தால் மாதம் 288 யூனிட், 1,728 ரூபாய். கடன் 72,000ஐ 24 தவணையில் கட்டினால் அசல் 3,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் முதல் மாத வட்டி 720. ஆக முதல் மாதமே 5,448 ரூபாய் போகும், 585 வரும். அவன் நம்பிக்கைக்குக் காரணமான வீடியோவை வாங்கிப் பார்த்தேன். 2021ல் எடுத்தது. அப்போது எத்திரியம் என்ற காயினை கிராபிக்ஸ் கார்டில் தோண்டிப் பலபேர் சம்பாதித்தது நிஜம். 2022 செப்டம்பரில் அந்தக் காயின் மைனிங் முறையையே நிறுத்திவிட்டது. வேலையில்லாமல் போன கார்டுகள் எல்லாம் சின்னக் காயின்கள் பக்கம் திரும்பின. அங்கேயும் கூட்டம்.

"தோட்டத்துக் கரண்டு இலவசம்தானே, மோட்டார் ரூமில் வைத்து ஓட்டினால்?" என்று ஒரு பிரதிநிதி கேட்டாங்க. வேண்டாம் தாயீ. விவசாய இணைப்பை வேறு உபயோகத்துக்கு எடுப்பது மின்சாரச் சட்டம் 2003ன்படி குற்றம். அபராதத்தோடு இணைப்பும் போனால் பயிர் என்னாகும்?

வரியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் காசு விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து, விற்கும்போது 1 சதவீதம் பிடித்தமும் வந்தது. கரண்டு பில்லைச் செலவாகக் கழிக்க முடியாது.

இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். "கம்ப்யூட்டரே வேண்டாம், பணத்தைக் கட்டுங்க, நாங்க தோண்டி மாதாமாதம் தர்றோம்" என்று வருவார்கள். கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம், 18 மாதத்துக்கு என்று சொல்லி நாடு முழுக்க வாங்கியது. கடைசியில் பிட்காயினுக்குப் பதில் அவர்களே உண்டாக்கிய வேறு காயினைக் கொடுத்தார்கள். அதை நடத்திய அமித் பரத்வாஜ் 2018ல் கைதானார். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் நம்மில் இருக்கீங்க. அப்போது கோழியாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்க.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். மீட்டர் எண்ணிவிட்டு நான் கிளம்பும்போது அக்கா கேட்டாங்க: "போன வருஷம் டிராக்டர் டிரெய்லருக்கு வீட்டுக்காரர் பேர்ல கடன் கேட்டாங்களே, அங்கே போய் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டீங்களா மேடம்?" போடவில்லை. அந்த டிரெய்லர் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பதில் சொல்ல முடியாமல் வண்டியை எடுத்தேன்.

தம்பி கம்ப்யூட்டர் கழற்றி மாட்டுவான், சாப்ட்வேர் போடுவான், யாரும் சொல்லிக் கொடுக்காமல் கற்றுக்கொண்டான். மனுவில் காரணத்தை மாற்றி, குறைந்த தொகைக்கு ரிப்பேர் கடை என்று எழுதலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டு இருக்காங்க. மனு இன்னும் பழைய மனுதான். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. இப்போது அக்கா பேசுவாங்க. அதையும் கேட்டுவிட்டுக் கை தூக்குங்க.