தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி நிக்கணும்?

இன்னிக்கு நான் டெலீட் பண்ண ஒரு வீடியோ பத்திப் பேசப் போறேன். முப்பத்தெட்டு செகண்ட்தான். ஆண்டிபட்டிக் கணவாய், ரெண்டு பக்கமும் வெட்டின பாறை, நடுவுல ஒத்தை ட்ராக், வளைவுல திரும்பி வர்ற தேனி ரயில். நான் எடுத்ததுலயே நல்ல வீடியோ அதுதான். அதை ஏன் தூக்கினேன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

நான் கம்பத்துக்காரன். கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை இருக்கு, முல்லைப்பெரியாறு தண்ணி இருக்கு, ரயில் மட்டும் கிடையாது. திண்டுக்கல்ல இருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ஒரு லைன் வேணும்னு தாத்தா காலத்துல இருந்து கேட்டுட்டே இருக்கோம். எங்களுக்கு ரயில்னா தேனிக்குப் போய்ப் பார்க்கிற ஒண்ணு. மதுரை–போடி மீட்டர்கேஜ் லைன் 1928-ல வந்தது. இரண்டாம் உலகப் போர்ல தண்டவாளத்தையே பேர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, திரும்பப் போட ஐம்பதுகள் ஆச்சு. அப்புறம் அகலப்பாதைக்காக 2010 டிசம்பர் கடைசியோட மறுபடியும் நிறுத்தினாங்க. அப்போ நான் ஸ்கூல் பையன். மதுரையில இருந்து தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாசம். போடிக்கு வந்தது 2023 ஜூன். நடுவுல நான் இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்கே போயிட்டேன்.

இந்தப் பன்னெண்டு வருஷத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. அவ்வளவு காலம் ரயில் இல்லாத ஒரு பாதை ஊர்க்காரங்களுக்கு என்னவா மாறும்? நடக்கிற வழி. ஆடு மேய்க்கிற இடம். காலையில ஒதுங்குற இடம். திடீர்னு ஒரு நாள் அதே இடத்துல கால் வெச்சா குற்றம்.

குற்றம்னு சும்மா சொல்லல. 1989 ரயில்வே சட்டம், 147-வது பிரிவு. அனுமதி இல்லாம ரயில்வேயோட எந்தப் பகுதிக்குள்ள நுழைஞ்சாலும் 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். சரியான தனிக் காரணம் இல்லாம 500 ரூபாய்க்குக் கீழ குறைக்க முடியாது. நீங்க எதுக்கு நுழைஞ்சீங்கங்கிற கேள்வியே அதுல இல்ல. ரயிலை நேசிக்கிறவனும் ரயில்ல கல்லெறிய வந்தவனும் உள்ள வந்த வகையில ஒண்ணுதான். (கல்லெறிஞ்சா அதுக்கு வேற பிரிவு இருக்கு.)

நம்ம ரயில்ஃபேன் கூட்டத்துல நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறது இங்கதான். "ட்ராக்ல நிக்கலையே, பத்தடி தள்ளித்தானே நின்னேன்" அப்படிம்பாங்க. நானும் சொல்லியிருக்கேன். ஆனா 'ரயில்வே'ன்னா என்னன்னு அந்தச் சட்டமே விளக்கம் கொடுக்குது. தண்டவாளம் மட்டும் இல்ல, எல்லைக் கல்லுக்கும் வேலிக்கும் உள்ள இருக்கிற நிலம் மொத்தமும் அதுல சேரும். கருவேல முள்ளுக்குள்ள ட்ரைபாட் வெச்சு உக்காந்திருந்தாலும், கல்லுக்கு உள்பக்கம்னா நீங்க அத்துமீறி நுழைஞ்சவர்தான்.

சரி, அந்த வீடியோ. தேனிக்கு ரயில் வந்த புதுசுல லீவு போட்டு ஊருக்கு வந்து, கணவாய்ல அந்தப் பாறை வெட்டுக்குள்ள போய் நின்னேன். ட்ராக்கைச் சோதிச்சுக்கிட்டே நடந்து வந்த கீமேன் ஒருத்தர் பார்த்துட்டார். திட்டவே இல்ல. "தம்பி, வண்டி வந்தா எங்குட்டுப் போவ?"ன்னு மட்டும் கேட்டார். சுத்தியும் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஏற முடியாத பாறை. "ஓரமா ஒட்டி நிப்பேன்ணே"ன்னேன். அவர் என்னையும் பார்த்தார், பாறையையும் பார்த்தார். "வெளிய வா"ன்னார். 147-ல ரெண்டாவது உட்பிரிவுப்படி என்னை வெளியேத்துற அதிகாரம் அவருக்கு உண்டுன்னு அப்புறம்தான் படிச்சேன். அன்னிக்கு வந்துட்டேன். மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பப் போனேன். அதுதான் அந்த முப்பத்தெட்டு செகண்ட்.

ராத்திரி எடிட் பண்ணும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 28 மீட்டர். வளைவுல 140 மீட்டர் முன்னாடிதான் இன்ஜின் கண்ணுல படுதுன்னு வெச்சுக்கோங்க, கையில இருக்கிறது அஞ்சு செகண்ட். லோகோ பைலட் அவசர பிரேக் போட்டாலும் வண்டி நிக்கப் பல நூறு மீட்டர் ஆகும். அதாவது அவரால ஹாரன் அடிக்க முடியும், பார்த்துட்டே வர முடியும், அவ்வளவுதான். இதுல இன்னொண்ணு: வர்ற ரயிலோட சத்தம் முன்பக்கம் நாம நினைக்கிற அளவுக்குக் கேக்காது. இப்போ இந்த லைன்லயும் மேல 25,000 வோல்ட் கம்பி வந்தாச்சு. மின்சார இன்ஜின் டீசலை விட அமைதி. அந்தக் கம்பியைத் தொடணும்னுகூட இல்ல, செல்ஃபி ஸ்டிக் பக்கத்துல போனாலே தாவிடும்.

2018 அக்டோபர்ல அமிர்தசரஸ்ல தசரா அன்னிக்கு ராவணன் எரியுறதைப் பார்க்க ட்ராக்ல நின்ன சுமார் 60 பேர் செத்தாங்க. ஜனங்க அத்துமீறி ட்ராக்ல நின்னாங்கங்கிறதுதான் ரயில்வேயோட நிலைப்பாடு. வேடிக்கை பார்க்கிற ஜோர்ல ட்ராக் கால்ல தட்டுப்படவே படாதுங்கிறதுக்கு இதை விட வேற என்ன உதாரணம் வேணும்?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. இங்கிலாந்துல 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' நீராவி இன்ஜினைப் பழுதுபார்த்து 2016 பிப்ரவரி 25-ம் தேதி லண்டன்ல இருந்து யார்க்குக்கு ஓட்டினப்போ, போட்டோ எடுக்க ஆளுங்க ட்ராக்குக்கே வந்து, வண்டியை வழியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. ரயிலை ரொம்பப் பிடிச்சவங்கதான் ரயிலை நிறுத்தினாங்க!

ஒரு விஷயத்துல எனக்குக் கோபம் உண்டு. சுரங்கப்பாதை தூரத்துல இருக்குன்னு ஆட்டை ஓட்டிக்கிட்டு ட்ராக் தாண்டுற அக்காவுக்கும் எனக்கும் ஒரே பிரிவு. அவங்களுக்கு வேற வழி சரியா இல்ல. எனக்கு இருந்தது, பிளாட்பாரம். அதனால எனக்காக 147-ஐ எதிர்த்துப் பேச என்கிட்ட வாதம் இல்ல. அந்த அக்காவுக்காக நிறைய இருக்கு, அது தனி எபிசோடு.

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், ரெண்டு மணி நேரம் செல்லும். அதுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கு. அசம்பாவிதங்களுக்கு இழப்பீடு சொல்ற 124A பிரிவுல, செல்லுபடியாகும் பிளாட்பாரம் டிக்கெட் வெச்சிருக்கிறவரையும் 'பயணி'ன்னு சேர்த்திருக்காங்க. அத்துமீறி நின்னவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. ஆமா, பிளாட்பாரத்துல கேமராவைத் தூக்கினா கேள்வி வரும். ஒரு ஸ்டேஷன்ல என்னை அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க. எரிச்சலாத்தான் இருந்தது. ஆனா கையில டிக்கெட் இருந்தது, பதில் சொல்ல முடிஞ்சது.

இப்போ டெலீட் கதை. என் அக்கா மகன், எட்டாவது படிக்கிறான். போன தீபாவளிக்கு வந்தப்போ பெருமையா போனை நீட்டினான். "மாமா, நீ நின்ன அதே இடம், நாங்களும் போனோம்." மூணு பசங்க, பாறைக்கு நடுவுல, ட்ராக்ல உக்காந்து ஒரு போட்டோ. சைக்கிள்ல போயிருக்காங்க. என் வீடியோவுல இருந்த கிலோமீட்டர் கல்லைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிச்சாங்களாம்.

அன்னிக்கு ராத்திரியே தூக்கிட்டேன். மறுவாரம் அவனைப் போடிக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில சென்னை வண்டி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பிளாட்பாரம் டிக்கெட், 20 ரூபாய். எதிர்ல மலை, மேல மேகம், வண்டி மெதுவா உள்ள வருது. அவன் வீடியோ எடுத்துட்டுத் திரும்பிக் கேட்டான்: "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இங்க பாறை இல்லையே?"

இல்லடா, இங்க பாறை இல்லன்னேன்.

அடுத்த வாரம் பேசுவோம் மக்களே.