ஏட்டில் இல்லாத குழந்தைகள்

(மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜுபிலியை முன்னிட்டு நம் பங்கின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோம். ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, மரித்தோர் ஏடு ஆகிய மூன்றிலும் உள்ள பெயர்களை எண்ணி வருகிறோம். ஆனால் இம்மூன்றிலும் இடம்பெறாத பிள்ளைகள் சிலர் உண்டு. தாயின் வயிற்றிலேயே இறந்தவர்கள். பிறந்து, தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுமுன்பே கண் மூடியவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

இத்துயரம் எந்நாளில் வந்தாலும் கொடியதே. பண்டிகை நாளில் வந்தாலோ அதன் பாரம் இரட்டிப்பாகிறது. கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை வீடுதோறும் விருந்தும் உறவும். காணும் பொங்கலன்று முக்கொம்பு அணைப் பூங்கா கட்டுச்சோற்றோடு வந்த குடும்பங்களால் நிறைந்திருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ, பால் கட்டிய மார்போடு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். ஆறுதல் தேடிக் கோயிலுக்கு வந்தால், அங்கே குடிலில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. அதைப் பார்க்க அவளால் எப்படி முடியும்?

திருச்சபைத் தாய் இதை அறியாதவள் அல்லள். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாளே, ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளை நினைக்கச் செய்கிறாள். அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் புனித மத்தேயு, அழுகின்ற ராக்கேலை நம்முன் நிறுத்துகிறார். ராக்கேல் யார்? பெத்லகேமுக்குப் போகும் வழியில் பிரசவ வேதனையில் உயிர் விட்டவள். அவள் ஆறுதல் பெற மறுக்கிறாள். சுவிசேஷகர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கிறிஸ்து பிறப்பின் வரலாற்றிலேயே அந்த அழுகைக்கு இடம் தருகிறார். எரேமியா ஆகமத்தில் அந்த அழுகையை அடுத்தே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற பொருள்பட ஆண்டவர் அவளுக்கு வாக்களிக்கிறார். அழுகை முதலில், வாக்குறுதி பின்பு. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது அழாதிருப்பது அன்று.

ஆனால் துக்க வீட்டில் நாம் கேட்பது என்ன? "போனது போகட்டும், அடுத்தது பிறக்கும்" என்கிறார்கள். "சாமிக்கு ஒரு பூ வேண்டியிருந்தது, பறித்துக்கொண்டார்" என்கிறார்கள். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பறிப்பவரா நம் பிதா? இன்னும் சிலர், "கிரகணத்தில் வெளியே வந்தாள், பயணம் போனாள்" என்று அவள்மீதே பழி சுமத்துகிறார்கள். பிள்ளை இறப்பதற்கு நஞ்சுக்கொடியில் கோளாறு, கிருமி, இரத்த அழுத்தம், குறைமாதம் என மருத்துவர் கூறும் காரணங்கள் பல. கிரகணம் அவற்றில் ஒன்றன்று. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்றுதான் ஆண்டவர் பதில் சொன்னார்.

"சாமி, ஞானஸ்நானம் பெறாத என் பிள்ளை மோட்சம் சேருமா?" இதுவே தாய்மார் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி. அத்தகைய குழந்தைகள் லிம்போ என்னும் இடத்தில் இருப்பார்கள் என்று வேதசாஸ்திரிகள் பல நூற்றாண்டுகள் கருதியதுண்டு. அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. 2007-இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் அனுமதியோடு அனைத்துலக இறையியல் குழு வெளியிட்ட ஏடும், இவர்கள் மீட்படைவார்கள் என நம்பி ஜெபிக்கத் தக்க ஆதாரங்கள் உண்டு என்கிறது. இது கண்ணால் கண்ட உறுதியன்று. குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் இதயத்தை அறிந்தவர்கள் கொள்ளும் நம்பிக்கை. இதனால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். உயிருக்கு ஆபத்தான வேளையில் குருவுக்காகக் காத்திராமல், பாட்டியோ நர்ஸம்மாவோ, யாராயினும், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றலாம்.

சிறுமலர் தெரேசம்மாளை அறியாத வீடு நம்மிடையே இல்லை. அவருடைய தாய் செலி மார்ட்டின் 1867 முதல் 1870 வரை நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்தவர். மூவர் கைக்குழந்தைகள், ஒருத்தி ஐந்து வயதுச் சிறுமி. இவர்களைப் பெறாமலே இருந்திருக்கலாமே என்று சொன்னவர்களின் பேச்சை அவர் ஏற்கவில்லை. பிள்ளைகளை மீண்டும் காண்போம் என்று நம்பினார். அந்தத் தாயும் அவர் கணவர் லூயியும் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

நாம் யாத்திரை போகும் வேளாங்கண்ணியையும் எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் தாயின் கையிலிருந்து நழுவிய குழந்தைகள் எத்தனையோ! ஆண்டுதோறும் அந்நாளில் கடற்கரை மக்கள் கூடி, கடலில் பாலும் பூவும் இட்டு அழுகிறார்கள். அங்கே ஊரே நினைவுகூர்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் தாய்க்கு அப்படி ஒரு நாளும் இல்லை, உடன் அழ ஓர் ஊரும் இல்லை. இரவோடு இரவாகப் புதைத்துவிட்டு, முகத்தைக்கூட அவளுக்குக் காட்டாமல் விடுகிறார்கள். தகப்பனோ ஆண்பிள்ளை என்பதால் அழவும் கூசி நிற்கிறான்.

ஆகவே இந்த ஜுபிலி ஆண்டில் நம் பங்கு மூன்று காரியங்களைச் செய்யட்டும். முதலாவது, அடக்கம். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குமுன் இறந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. எனவே தயங்காமல் எம்மிடம் வாருங்கள். இரண்டாவது, பெயர். கருச்சிதைவில் இழந்த பிள்ளையாயினும் பெற்றோர் விரும்பினால் பெயரிட்டுத் தரட்டும். அப்பெயர்களைத் தனி ஏட்டில் எழுதி, கல்லறைத் திருநாளிலும் இந்த டிசம்பர் 28-ஆம் நாளிலும் பீடத்தில் வைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். மூன்றாவது, சந்திப்பு. மாதா சபைத் தாய்மார்களே, முதல் வாரத்தோடு நின்றுவிடாதீர்கள். நாற்பதாம் நாளும் போங்கள், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் போங்கள். காரணம் சொல்ல வேண்டாம். ஒரு செம்பு கஞ்சியோடு போய் அருகில் உட்காருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

பிள்ளையை இழந்த பெற்றோரே, முக்கொம்பில் நம் காவிரி இரண்டாகப் பிரிவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று கொள்ளிடமாகவும் ஒன்று காவிரியாகவும் தனித்தனி வழியே போகின்றன. அணையில் நின்று பார்ப்பவருக்குப் பிரிவுதான் தெரியும். ஆனால் இரண்டும் போய்ச் சேரும் கடல் ஒன்றே. உங்கள் பிள்ளை முன்னே போயிற்று. நீங்கள் பின்னே போகிறீர்கள். நாம் எல்லாரும் சேருமிடம் இறைவனின் இரக்கமே. குடிலில் படுத்திருக்கும் பாலனும் ஒருநாள் தம் தாயின் மடியில் உயிரற்றுக் கிடந்தார். அந்தத் தாய் உங்கள் கண்ணீரை அறிவாள். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த அவள் மகன் அதைத் துடைப்பார். ஆமென்.