அளவுகோலை அளந்து பார்ப்போம்



கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தெல்தெனியாவைக் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்த ஊர் அது. நண்பகலிலும் மூடுபனி இறங்கிவிடும். மழைநாளில் அப்பகுதித் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தின் அருகே நின்றீர்களானால், ஒரு காட்சியைக் காணலாம். பெண்கள் தம் கொழுந்துக் கூடைகளைத் தராசில் வைப்பர். தராசு காட்டும் நிறையிலிருந்து ஈரத்துக்கென்று ஒரு பகுதி கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது என்பதில் வாக்குவாதமும் எழும்.

இதிலே பிழை செய்தது தராசா? அன்று. அதே கூடையைப் பத்து முறை வைத்தாலும் அதே நிறையையே அது காட்டும். ஆனால் அது நிறுத்தது கொழுந்தை மட்டுமா? கொழுந்தோடு மழையையும் சேர்த்தன்றோ நிறுத்தது! மாறாமல் ஒரே விடையைத் தருவது வேறு. அளக்க நினைத்ததையே அளப்பது வேறு. முன்னதை நம்பகம் என்றும், பின்னதை ஏற்புடைமை என்றும் கல்வி உளவியலார் கூறுவர். நம்பகம் இல்லாத அளவையில் ஏற்புடைமை இராது. ஆயின், நம்பகம் இருப்பதனாலேயே ஏற்புடைமை வந்துவிடாது. பிள்ளைகளின் மனத்தையும் அறிவையும் அளக்க முற்படும் எவரும் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே.

நான் இதனை நூலில் படித்ததற்கும் உள்ளத்தில் உணர்ந்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிட்டன. உணர்த்தியவள் ஒரு சிறுமி.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையில் மாலை வகுப்பொன்றை ஆரம்பித்தோம். இடமோ குறைவு. ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க எண்ணி, இருபது வாக்கியங்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை நானே எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "முற்றாக உடன்படுகிறேன்" என்பது முதல் "சற்றும் உடன்படவில்லை" என்பது வரை ஐந்து விடைகள். 1932ஆம் ஆண்டில் லிக்கேர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த முறை அது. புள்ளிகளைக் கூட்டிப் பட்டியலிட்டேன். கடைசியாக நின்றவளுக்கு வகுப்பில் இடமில்லை என்றேன். ஒரு நாளேனும் பாடசாலைக்கு வரத் தவறாத பிள்ளை அவள்.

இரண்டு மாதங்களின் பின், வகுப்பாசிரியை அவளுக்காகப் பரிந்து பேசவே, அவளை அழைத்து வினாக்கொத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். "வீட்டில் அமைதியான ஓரிடத்தில் அமர்ந்து நாள்தோறும் படிக்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு ஏன் உடன்படவில்லை என்று வினவினேன். "சேர், எங்க காம்பிராவுல அப்படி ஓர் இடம் இல்லையே. இல்லாததை இருக்குன்னு எப்படி எழுதுறது?" என்றாள். லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் ஆறு பேரோடு வாழும் பிள்ளை அவள். அடுத்து, "பாடசாலைக்குச் செல்ல விரும்பாத நாள் எனக்கு இல்லை" என்றொரு வாக்கியம். இரண்டு எதிர்மறைகளை ஒன்றாகக் கோத்திருந்தேன். அவளும் மயங்கினாள், அவளோடு வேறு பலரும் மயங்கியிருந்தனர் என்பது பின்னர் தெரிந்தது.

நேயர்களே, நான் அளந்தது ஆர்வத்தையா? வீட்டின் பரப்பையும், வாக்கியச் சிக்கலை அவிழ்க்கும் திறனையும் அன்றோ அளந்தேன்! உண்மையை எழுதியதற்காக ஒரு பிள்ளையைத் தண்டித்தேன். ஈரத்தைக் கழிக்காமலே நிறுத்துவிட்டேன்.

நான் செய்யத் தவறியவை யாவை? அளவை ஒன்றை ஆக்குவோர், அளக்கப்போகும் பண்பு யாது, யாது அன்று என்பதை முதலில் வரையறுத்துக் கொள்வர். பின்பு, அப்பண்பை உடையோரிடமே சென்று, அதனை எச்சொற்களால் பேசுகின்றனர் என்று கேட்டறிவர். வேண்டியதைக் காட்டிலும் மிகுதியான வினாக்களை எழுதி, துறையறிந்தோரின் தீர்ப்புக்கு விடுவர். ஒரு சிலரை அருகில் இருத்தி, "இதனை நீ எவ்வாறு விளங்கிக் கொண்டாய்?" என்று வினவுவர். இந்த ஒன்றை மட்டும் நான் செய்திருந்தால் அச்சிறுமிக்கு இழப்பு நேர்ந்திராது.

அதன் பின்னரே பலருக்குக் கொடுத்துப் பார்ப்பர். எல்லோரும் ஒரே விடையளிக்கும் வினாவும், மற்ற வினாக்களோடு ஒத்துச் செல்லாத வினாவும் நீக்கப்படும். வினாக்கள் தம்முள் எவ்வளவு இசைந்து நிற்கின்றன என்பதைக் கணிக்க, 1951இல் குரொன்பாக் என்பவர் விளக்கிய "அல்பா" என்னும் குணகம் இன்றும் பெருவழக்காய் உள்ளது. ஆயினும் அது நம்பகத்துக்கே சான்று. ஏற்புடைமைக்கு வேறு சான்று தேட வேண்டும். ஆர்வ அளவையில் உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளை, நூலகத்துக்கும் தானாகவே செல்கிறதா? ஆசிரியர் நேரில் கண்டதும் அளவை காட்டுவதும் ஒத்துள்ளனவா? இத்தகைய வெளிச்சான்றுகளையே நாட வேண்டும்.

இத்துறையின் முன்னோடியான பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் பினே, சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905இல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு தனி உதவி அளித்தலே அதன் நோக்கம். நுண்ணறிவு மாற்றவே இயலாதது என்னும் கருத்தைப் பினே கண்டித்தார் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். அச்சோதனை இந்தியாவுக்கு வந்தபோது, வெறும் மொழிபெயர்ப்புப் போதாது என்று கண்டவர்களுள் ஒருவர் காமத். அவர் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளிடம் சோதித்து, அவர்களுக்குரிய அளவையாக அதனைத் திருத்தியமைத்தார். அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது.

தமிழிலும் ஒரு சான்று உண்டு. மகப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு உண்டாகும் மனச்சோர்வை அறிய, 1987இல் எடின்பரோவில் பத்து வினாக்கள் கொண்ட அளவை ஒன்று ஆக்கப்பட்டது. வேலூரில் அதன் தமிழ் வடிவத்தைத் தாய்மாரிடம் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். ஆங்கில மூலத்துக்கு வகுத்த எல்லைப்புள்ளியைக் காட்டிலும் தாழ்ந்த எல்லையே நம் தாய்மாருக்குப் பொருந்துவதாயிற்று. மூல எல்லையையே வைத்திருந்தால், துன்புறும் தாய்மார் சிலர் நலமுள்ளோர் எனக் கணிக்கப்பட்டிருப்பர். எங்களுக்கு அண்மையிலுள்ள பேராதனையிலும், இந்நாட்டுப் பண்பாட்டுக்கு ஏற்ற மனச்சோர்வு அளவை ஒன்று ஆக்கப்பட்டு, அதன் ஆய்வு 2012இல் வெளிவந்தது. எங்கள் தோட்டத்துத் தாய் ஒருத்தி "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டாள். "நெஞ்சு பாரமா இருக்கு" என்பாள். அச்சொல்லைக் கேட்கத் தெரியாத அளவை அவளை எவ்வாறு அளக்கும்?

பரீட்சைப் புள்ளிக்கும் இக்கருத்துப் பொருந்தும். ஒரு பாடத்தில் 70 புள்ளி. வேறொரு பாடத்தில் 60 புள்ளி. எது உயர்ந்தது? முதற்பாடத்தின் சராசரி 60, இரண்டாவதன் சராசரி 40, இரண்டிலும் நியம விலகல் 10 எனின், 70 பெற்றவர் சராசரிக்கு ஒரு விலகலே மேலே நிற்கிறார். 60 பெற்றவரோ இரண்டு விலகல் மேலே நிற்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் நம் நாட்டில் வழங்கும் இசட் புள்ளியின் அடிப்படை இதுவே. ஆயினும் நல்ல கருவியும் பொருந்தாத இடத்தில் இடர் தரும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து கணித்த இசட் புள்ளிகளை, 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. இரு வேறு கூட்டத்தினரை வேறுவேறாகவே கணிக்க வேண்டியதாயிற்று. சூத்திரம் பிழையன்று, அதைப் பயன்படுத்திய விதமே பிழை. ஏற்புடைமை என்பது கருவிக்குள் உறைவதன்று; நாம் அதனை எதற்காக, யார்மீது பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் நாளில் வீடுகளில் சிந்தப்படும் கண்ணீரை நான் அறிவேன். பெற்றோர்களே, அப்புள்ளி ஒரு பிள்ளை குறித்த நாளில், குறித்த வினாக்களுக்கு அளித்த விடையின் அளவு. உதவிபெறத் தக்கோரையும், வசதியான பாடசாலைக்குச் செல்வோரையும் தெரிவதற்கு அது பயன்படலாம். உங்கள் மகவின் முழுமதிப்பையும் அது அளக்கவில்லை; அளப்பதற்கென அது ஆக்கப்படவும் இல்லை.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெளியிலிருந்து ஒரு வினாக்கொத்து வந்தால், யாருக்காக இது ஆக்கப்பட்டது, நம் பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டதா, இதன் முடிவைக்கொண்டு யாது செய்யப் போகிறோம் என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கலைப் பட்டதாரியாகிய எனக்கே இக்கேள்விகள் விளங்கும்போது, எவருக்கும் விளங்கும்.

அச்சிறுமியிடம் நான் வருத்தம் தெரிவித்து, மாலை வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். அவள் இழந்த இரண்டு மாதங்களை மட்டும் என்னால் திருப்பித்தர இயலவில்லை. இப்பொழுதும் புதிய வினாத்தாள் ஒன்றை எழுதினால், அச்சிடக் கொடுக்குமுன் இரண்டு மூன்று பிள்ளைகளை அழைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். அவர்கள் தயங்கும் இடத்தில் என் எழுதுகோல் திருத்துகிறது.